திடப்படுத்தல் இல்லாமல் போன தலைமுறை

ஜெர்மன் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜூலை 9-ஐ வருஷம் தவறாமல் கொண்டாடுகிறோம். அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ், படித்த ஹாலே, பின்னால் நம் லூத்தரன் சபையை வளர்த்த மிஷனின் ஊரான லைப்சிக், மூன்றுமே நாற்பது வருஷம் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் இருந்தவை. இன்று அந்தப் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சபையும் கிடையாது.

கோயிலை இடித்தார்கள், அதனால்தான் என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இடித்தது உண்மைதான். 1545-இல் லூத்தரே வந்து பிரதிஷ்டை செய்த லைப்சிக் பல்கலைக்கழக ஆலயத்தை 1968 மே 30 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆனால் அதைவிட ஆழமாக வெட்டியது ஒரு விழா என்றே நினைக்கிறேன். யுகென்ட்வைஹே என்று பெயர். பதினான்கு வயதுப் பிள்ளைகள் சோசலிச அரசுக்கு உறுதிமொழி எடுத்துக்கொள்வார்கள், கையில் பூவும் புத்தகமும் கொடுப்பார்கள், வீட்டில் விருந்து நடக்கும். 1955-இல் தொடங்கியது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தலுக்குப் போட்டியாகவே அரசு அதை வளர்த்தது. மறுத்த பிள்ளைக்கு மேல்படிப்பு கஷ்டம். எந்தத் தாய்தகப்பன் துணிவார்கள்? கடைசியில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் அதற்குப் போனார்கள். திடப்படுத்தல் இல்லாமல் வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான், இரண்டே தலைமுறையில் சங்கிலி அறுந்தது.

அப்படிச் சிறுத்துப்போன சபைதான் 1982 முதல் திங்கள்தோறும் மாலை 5 மணிக்கு லைப்சிக் நிக்கோலாய் ஆலயத்தில் சமாதான ஜெபம் நடத்தியது. அந்த ஆலயத்தின் போதகர் கிறிஸ்தியான் ஃபியூரர் ஐயர் விசுவாசி, அவிசுவாசி என்று பார்க்காமல் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தார். 1989 அக்டோபர் 9 அன்று ஆட்சியில் மாற்றம் கேட்டு எழுபதாயிரம் பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில் நடந்தார்கள். ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்கவில்லை. மறுமாதம் பெர்லின் சுவர் திறந்தது.

அதற்குப் பிறகும் கோயில்கள் நிரம்பவில்லை. இதைத் தோல்வி என்று சொன்னால் எனக்கு ஒப்பாது. நடந்தவர்களில் பலர் சபையாராக இருந்ததே இல்லை. ஆள் சேர்க்க நினைத்து அந்தக் கதவைத் திறக்கவும் இல்லை.

எனக்குக் கவலை நம் பக்கம்தான். இங்கே நம்மை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் பரீட்சை, டியூஷன் என்று திடப்படுத்தல் வகுப்பை இரண்டு வாரத்தில் முடித்து, ஞானோபதேசக் கேள்வி பதிலை ஒப்பிக்கவைத்து, புதுத்துணியில் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறோம். சபைக் கூட்டத்தில் பட்ஜெட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியாவது இதற்கு ஒதுக்கக்கூடாதா? வருகிற கூட்டத்தில் நான் எழுந்து கேட்கப்போகிறேன். கூட நிற்பவர்கள் இப்போதே சொல்லுங்கள்.