முதலில் இடம், பிறகுதான் வீடு

ஆர்க்கிடெக்ட் என்றால் பங்களாவுக்கு எலிவேஷன் போட்டுத் தருகிறவர் என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அலெஹாந்த்ரோ அரவேனா செய்த வேலைகளைப் படித்தால் அந்த நினைப்பு மாறிவிடும். சிலி நாட்டுக்காரர். கட்டடக்கலைக்கான உலகின் பெரிய பரிசான பிரிட்ஸ்கரை 2016இல் வாங்கியவர். பரிசை விடுங்கள், அவர் காசை எதில் போட்டார் என்பதுதான் சென்னைக்கு முக்கியம்.

சிலியின் இக்கீக்கே நகரத்தின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்துவந்தன. ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் என்று அரசு தந்தது. நிலம், குழாய், கட்டடம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அந்த நிலமோ, இப்படிப்பட்ட வீடுகளுக்கு வழக்கமாக வாங்கும் நிலத்தைவிட மூன்று மடங்கு விலை. அரவேனாவின் எலிமென்டல் குழு அதையே வாங்கியது. மிச்சப் பணத்தில் பாதி வீடுதான் கட்ட முடிந்தது. ஆனால் ஒரு குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ளச் சிரமப்படும் பாதி அது: அஸ்திவாரம், சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை. மீதியைக் கையில் காசு வந்தபோது அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

எல்லோரும் அந்தப் பாதி வீட்டைத்தான் வியக்கிறார்கள். எனக்கோ, அந்த மக்கள் வேலையையும் பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் விட்டுத் தள்ளிப் போகவேண்டி வரவில்லை என்பதுதான் பெரிதாகப் படுகிறது.

நாம் என்ன செய்தோம்? கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊர்க்கோடிக்கு அனுப்பினோம். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலருக்கு வேலை போனது. பிள்ளைகளுக்குப் பாதி வருஷத்தில் பள்ளி மாறியது, சிலருக்குப் படிப்பே நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கத்திலேயே குடிவைத்தோம். மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கத்திலும் வெள்ளம். இதைப் பார்த்துக் கோபப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த யோசனை நமக்குப் புதிதில்லை. 1977இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய மெட்ராஸ் நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்ன மனைகள் பிரித்து, ரோடும் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டை மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிக்கொண்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன். இக்கீக்கே வீடுகளுக்குக் கால் நூற்றாண்டு முன்பே தொடங்கிய வேலை இது!

2010 சுனாமிக்குப் பிறகு சிலியின் கான்ஸ்டிடுசியோன் நகரத்துக்கும் அரவேனா குழுதான் திட்டம் போட்டது. சுனாமி எப்போதோ வருவது, மழை வெள்ளம் வருஷா வருஷம் வருகிறதே என்றார்கள் மக்கள். கரையில் பெரிய சுவர் எழுப்புவதற்குப் பதிலாக, அலையைத் தணித்து மழைநீரையும் வாங்கிக்கொள்ளும் காடு என்று முடிவானது. மக்களிடம் கேட்டதால் கிடைத்த திட்டம் அது.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) இப்போது நகரத்துக்கு 2046 வரைக்கான மூன்றாம் மாஸ்டர் பிளானில் இறங்கியிருக்கிறது. 118.9 கிலோமீட்டருக்கு இரண்டாம் கட்ட மெட்ரோவும் வருகிறது. ஸ்டேஷன்களைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் ஒரு பங்கை, இப்படி ஊர்க்கோடிக்கு அனுப்பப்படும் குடும்பங்களுக்கென்று வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். விலை ஏறிய பிறகு யாராலும் முடியாது. ஆர்க்கிடெக்ட் நண்பர்களே, கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு நீங்களும் வந்து இதை வலியுறுத்துங்கள்.