பாட்டிக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

அந்த வீடியோவை இரண்டு நாட்களாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். பேரன் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டி "நான் யார், சொல்லு பாட்டி" என்கிறான். பாட்டி வேறு பெயரைச் சொல்கிறார். கல்யாணப் பந்தலே சிரிக்கிறது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் நான் மதிக்கிறவர்களும் இருந்ததுதான் வலிக்கிறது.

வயதானவர்களுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். அவர்களோடு பேசுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சொல்வேன்.

"பாட்டியும் சிரித்தாரே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். காது மந்தமானவர்கள் சபையில் எல்லோரும் சிரித்தால் கூடவே சிரித்துவிடுவார்கள், கேட்கவில்லை என்பது தெரிந்துவிடக் கூடாதே என்று. பின்னால் மேளம் கொட்டுகிற பந்தலில் அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததா என்று யாராவது யோசித்தீர்களா?

எனக்கு இது தெரியும், என் அத்தையால். "அத்தைக்கு மறதி வந்துவிட்டது" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூடித் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "நேற்றே வந்துவிட்டார்கள்" என்பார். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். இவை குறைந்தாலும் மறதி வரும், மருந்தில் சரியாகும் என்றார். பிறகு காது மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். கோளாறு அங்கேதான் இருந்தது. காது மெஷின் போட்ட புதிதில் "மிக்சி சத்தம் மண்டையைப் பிளக்கிறது" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். மெல்ல மெல்லத்தான் பழகினார். அடுத்து வந்த ஒரு கல்யாணத்தில் பழைய மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். "அவர்கள் நம் வீட்டுக் காதுகுத்துக்கு 51 ரூபாயோடு ஒரு குத்துவிளக்கும் வைத்தார்கள். விளக்கை நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்" என்றார். மறதிக்காரி என்று பெயர் வாங்கியவர் சொன்னது இது.

காது மெஷின் மாட்டினால் எல்லோருக்கும் நினைவு திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள ஏறக்குறைய ஆயிரம் பேரை மூன்று ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. காது மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மறதிநோய் வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகமிருந்தவர்களில், மெஷின் போட்டவர்களிடம் அறிவுத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்திருந்தது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, சரிசெய்யக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்காத காதும் மங்கிய கண்ணும் தனிமையும் உண்டு. தனிமை! அதற்கு எந்தக் கடையில் மாத்திரை விற்கிறார்கள்?

சுடோகு, வல்லாரை, பாதாம் என்று வருகிறவர்கள் வாருங்கள். சாப்பிடுங்கள், கட்டத்தை நிரப்புங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016இல் 20 லட்சம் டாலர் கட்டியது. அதையும் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

"மருத்துவர்களும் இன்று என்ன கிழமை என்று கேட்கத்தானே செய்கிறார்கள்?" கேட்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. வைத்தியம் பார்ப்பதற்காகக் கேட்கிறார்கள். பந்தலில் நிறுத்தி வைத்துக் கேட்பதில்லை. நிஜமாகவே மறதிநோய் வந்தவராக அந்தப் பாட்டி இருந்தால், நீங்கள் சிரித்தது இன்னும் பெரிய பாவம்.

அதற்கும் முன்பே நாம் செய்கிற கொடுமை ஒன்று இருக்கிறது. "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று அன்பாகச் சொல்லிச் சாவிக்கொத்தை வாங்கிவிடுகிறோம். பால் கணக்கு, சந்தை, வங்கிப் புத்தகம் எல்லாம் போகிறது. பிறகு டிவி முன்னால் ஒரு நாற்காலி. நாள் முழுக்க அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சாயங்காலம் வந்து பேரன் பெயரைக் கேட்கிறோம்.

"நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், உங்களுக்குப் பேசுவது சுலபம்" என்று ஒரு அம்மையார் எழுதியிருக்கிறார். அம்மா, நானும் வேலைக்குப் போய்க்கொண்டேதான் அத்தையைப் பார்த்துக்கொண்டேன். "இந்த வயதில் எதற்கு இவ்வளவு செலவு" என்று அவர் எதிரிலேயே உறவினர்கள் கேட்டதையும் பொறுத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவே இல்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கேட்கிறேன். எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

செலவு பெரிது என்பவர்களுக்கு: 60 வயது தாண்டிய, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் காது மெஷினும் மூக்குக் கண்ணாடியும் இலவசமாகத் தருகிற ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டம் 2017இலிருந்து இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் முகாம் எப்போது என்று சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வசதி உள்ளவர்கள் இந்த வாரமே காது மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.