சும்மா கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அலைக்கற்றையில் பங்கு வேண்டும்

அலைக்கற்றை என்றாலே நமக்கு ஏலம்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே அலைக்கற்றையில் எதையும் அனுப்பாமல், வெறுமனே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு கூட்டமும் உண்டு. வானிலை செயற்கைக்கோள்கள், ரேடியோ தொலைநோக்கிகள். ஏலத்தில் நிற்க இவர்களிடம் காசு கிடையாது.

காற்றிலுள்ள நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மிக மெலிதாக ரேடியோ அலையை வெளியிடுகிறது. அதை மேலிருந்து அளந்துதான் எங்கே எவ்வளவு ஈரம் என்று தெரிந்துகொள்கிறார்கள், மழை, புயல் கணிப்புகளுக்குள் போகும் முக்கியமான தரவு அது. செல்போன் கோபுரத்தை வேறு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம், நீர் மூலக்கூறிடம் போய் மாறச் சொல்ல முடியுமா?

அதனால்தான் 23.6 முதல் 24 கிகாஹெர்ட்ஸ் வரை யாருமே ஒலிபரப்பக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. சரி, அப்புறம் என்ன பிரச்சினை என்றால், 24.25-லேயே 5ஜி தொடங்கிவிடுகிறது, எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் எல்லைக்குள் சுத்தமாக நிற்காது, கொஞ்சமாவது கசியும். 2019-ல் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் அந்தக் கசிவுக்கு வரம்பு எவ்வளவு என்பதில்தான் பெரிய இழுபறி. 200 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மைனஸ் 55 டெசிபல் வாட் வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு கேட்டது. டெசிபல் வாட் என்பது கசியும் சக்தியின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகக் கசிவு குறைவு, ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம். கோபுரங்களுக்குக் கிடைத்தது மைனஸ் 33. பார்க்கச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனால் கேட்டதைவிடச் சுமார் 160 மடங்கு தளர்வு! 2027 செப்டம்பருக்குப் பிறகு வரும் கோபுரங்களுக்கு மைனஸ் 39 ஆகும், அதற்கு முன்பே நிறுவப்பட்டவைக்குப் பழைய வரம்பேதான். இதைச் சமரசம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

பலத்த இரைச்சல் வந்தால்கூடப் பரவாயில்லை, அந்தத் தரவைத் தூக்கிப் போட்டுவிடலாம். மெல்லிய இரைச்சல்தான் ஆபத்து. அது ஈரக்காற்று மாதிரியே தெரியும், கணிப்புக்குள் சத்தமில்லாமல் போய்விடும், யாருக்கும் சந்தேகமே வராது.

விதி இருந்தால் போதும் என்பவர்கள் 2009-ல் ஏவப்பட்ட ஐரோப்பிய ஸ்மோஸ் செயற்கைக்கோளைப் பார்க்கலாம். மண்ணின் ஈரத்தை அளக்க அது கேட்பது 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ், அங்கேயும் ஒலிபரப்ப முழுத் தடை. மேலே போனதும் பார்த்தால் பல நாடுகளிலிருந்து ஒரே இரைச்சல். இந்த விதிகளைப் பார்த்துக்கொள்ளும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்குப் போலீஸ் கிடையாது, அந்தந்த நாட்டு நிர்வாகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்த மாநாடு 2027-ல் ஷாங்காயில். 76 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே, கேட்பவர்களை அக்கம்பக்கத்துக் கசிவிலிருந்து காப்பது பற்றிப் பேசப்போகிறார்கள். சந்தை இன்னும் முழுசாக அந்தப் பக்கம் வரவில்லை. அளவீட்டுக்காரர்கள் கேட்கிற வரம்பை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்பக் கருவிகளைச் செய்யச் சொல்லுங்கள். கருவிகள் விற்றுத் தீர்ந்த பிறகு வரம்பு பேச உட்கார்ந்தால் இன்னொரு மைனஸ் 33-தான் கிடைக்கும்.