தோற்கத் தெரிந்தவர்கள் எழுதட்டும்

இணையத்தில் கற்பனை மல்யுத்த லீக் ஆடுகிறவர்களில் ஒரு சாராரோடு எனக்குத் தீராத வழக்கு இருக்கிறது. தன் வீரன் எந்நாளும் தோற்கக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களால் இந்த ஆட்டமே கெட்டுப்போகிறது என்பது என் கட்சி. சென்ற வாரம் எங்கள் குழுவில் சாம்பியன் பட்டம் கைமாறியது. தோற்ற வீரனை எழுதிவந்த தம்பி அன்றிரவே கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். நன்றாக எழுதக்கூடியவர். அந்த வருத்தத்தில்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு மல்யுத்த வீரனைக் கற்பனையில் உருவாக்குவோம். அவனுக்குப் பெயர், ஊர், உடல்வாகு, பிடித்த பிடிகள், தீராத பகை, ஆறாத காயம் எல்லாம் உண்டு. நடத்துகிறவர் யாரோடு யார் மோதுவது என்று அட்டவணை போடுவார். மோதப்போகும் இருவரும் கெடு நாளுக்குள் தங்கள் வீரனின் குரலில் எழுதி அனுப்ப வேண்டும். சவாலாக இருக்கலாம், பழைய நினைவாக இருக்கலாம், பயிற்சிக்கூடத்தில் நடந்த ஒரு தகராறாகவும் இருக்கலாம். யாருடைய எழுத்து ஓங்கி நிற்கிறதோ அவருடைய வீரன் ஜெயிப்பான். பிறகு அந்தப் போட்டியை முழுக் கதையாக ஒருவர் எழுதி வெளியிடுவார். அமெரிக்காவில் இணையம் பரவுவதற்கு முன்பே கடிதத்தில் இதை ஆடியிருக்கிறார்கள். பகடை உருட்டியோ புள்ளிக்கணக்குப் பார்த்தோ முடிவு செய்கிற முறையும் இருக்கிறது. எனக்கு அதில் ருசி இல்லை.

எங்கள் வட்டாரத்துக்கு இது ஒன்றும் அந்நியமான சங்கதி இல்லை. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் காரைக்குடி. பட்டிமன்ற மேடையில் வாலிக்காக ஒருவரும் இராமனுக்காக ஒருவரும் நின்று மல்லுக்கட்டுவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். தீர்ப்பு எதிராகப் போன அணியின் தலைவரை யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. அவர் பேச்சை மறுநாள் டீக்கடையில் திரும்பச் சொல்லி ரசிப்பார்கள்.

அதைவிட நெருக்கமான உறவு ஸ்பெஷல் நாடகத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை, காரைக்குடி பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். நாரதராக வருகிறவர் ஒரு ஊர், வள்ளியாக வருகிறவர் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. ஒப்பனை போட்டுக்கொண்டு மேடையேறியதும் தர்க்கம் தொடங்கிவிடும். வள்ளி முருகனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது மடியில் தூங்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஜமுக்காளத்தை விரித்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். நாரதரின் வார்த்தையை வள்ளி எப்படி மடக்குவாள், மடக்கப்பட்டவர் எப்படி எழுந்து நிற்பார் என்று பார்க்கத்தான்.

எங்கள் ஐயா (தாத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), கிங்காங், தாராசிங் என்ற மல்யுத்த வீரர்கள் மோதிய காலத்துக் கதைகளை ஆசையாகச் சொல்லுவார். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்ததுதான் என்று அப்போதே ஊரில் பேச்சு இருந்ததாம். இருந்தாலும் கிங்காங் கீழே விழுந்த கட்டத்துக்கு வரும்போது ஐயாவின் குரல் மாறிவிடும். 1989-இல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமே நியூஜெர்சி மாநில செனட்டில், இது போட்டியல்ல, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. அதைக் கேட்டு யாரும் டிவியை அணைத்துவிடவில்லை.

1987 மார்ச் 29 அன்று பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் ஹல்க் ஹோகனும் ராட்சத உடம்புக்காரரான ஆன்ட்ரேயும் மோதியதை எடுத்துக்கொள்வோம். ஹோகன் அந்த மலையைத் தூக்கிப் போட்டதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்ப்பது ஆன்ட்ரேயை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நிற்பதும் நடப்பதுமே வேதனையாக இருந்த காலம். ஆன்ட்ரே மனம் வைக்காமல் அந்த உடம்பை ஹோகன் அசைத்திருக்கவும் முடியாது. அவர் விழ இசைந்ததால்தான் இவர் எழுந்தார். அதே போல அண்டர்டேக்கர் என்ற வீரர் 1991-இலிருந்து, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பெரிய மல்யுத்த விழாவான ரெசில்மேனியாவில் தோற்காமல் 21 வெற்றிகளைச் சேர்த்துவைத்திருந்தார். 2014-இல் பிராக் லெஸ்னரிடம் அது முடிவுக்கு வந்தபோது அரங்கில் இருந்தவர்களின் முகங்களை வீடியோவில் பாருங்கள். வாய் பிளந்து, தலையில் கை வைத்து, சொந்த வீட்டில் துக்கம் விழுந்ததுபோல நிற்கிறார்கள். தோல்வி என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த 21-க்கு என்ன மதிப்பு?

இப்போது எங்கள் லீக்குக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தேவகோட்டை ஆச்சி ஒருவர் உருவாக்கிய வில்லனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவனைக் கணக்கப்பிள்ளை என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவனுடைய ஐயா பர்மாவில் ஒரு வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து கடைப் பொறுப்புக்கு உயர்ந்தவர். 1942-இல் ஜப்பான் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு கணக்குப் பேரேட்டை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தே ஊர் திரும்பியவர். பேரன் அந்தப் பேரேட்டோடுதான் களத்துக்கு வருவான். சத்தம் போட மாட்டான். தான் வாங்கிய ஒவ்வோர் அடியையும் குறித்துவைத்து, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பான். பட்டத்தை வைத்திருந்த காலமெல்லாம் அவனை எல்லோரும் வெறுத்தோம். அப்படி வெறுக்க வைப்பது லேசான காரியமில்லை.

ஒரு நாள் சிராவயல் பொட்டலில் மாடு பிடித்து வளர்ந்த ஒருவனிடம் அவன் தோற்றான். வலது தோள் இறங்கிப்போய்விட்டது. அதற்கடுத்து ஆச்சி எழுதிய பகுதியில் சண்டையே இல்லை. பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். காலை வெயில் ஓட்டு விளிம்பிலிருந்து இறங்கி, பூப்போட்ட கற்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிறது. அவன் ஐந்தொகை, அதாவது வரவும் பற்றும் நேர்பார்க்கும் முடிவுக் கணக்கு, போட முயல்கிறான். கையெழுத்தைப் பற்றிப் பெருமை கொண்டவன், இடது கையால் எழுதுகிறான். எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் கிறுக்கலாக வருகிறது. நேற்று வாங்கிய அடியை வரவில் வைப்பதா பற்றில் வைப்பதா என்று தெரியவில்லை. ஐயா ரங்கூனை விட்டு வந்த அன்று கணக்கை எப்படி முடித்தார் என்று பழைய பக்கங்களைப் புரட்டுகிறான். அந்தப் பக்கத்தில் தொகை எதுவும் இல்லை. கீழே ஒரு கோடு, அடுத்த பக்கத்தில் பிள்ளையார் சுழி, அவ்வளவுதான். அவனும் ஒரு கோடு போடுகிறான்.

அதைப் படித்துவிட்டு எங்களில் பாதிப் பேர் அழுதோம். அதுவரை யாருக்குப் பழக்கத்தில் மட்டுமே நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோமோ அந்தச் சிராவயல்காரனும் அன்றுதான் பெரிய வீரன் ஆனான். அந்தத் தோளை இறக்கியவன் என்ற பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை அவனுக்குக் கொடுத்தது தோற்றவரின் எழுத்து.

விலகிப்போன தம்பி என்னிடம் கேட்டது, “அவரைவிட இரண்டு மடங்கு எழுதியிருந்தேனே, எப்படித் தோற்றேன்?” என்பதுதான். நியாயமான கேள்வி என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அத்தனை பக்கத்திலும் அவர் வீரன் சிங்கமாக இருந்தான், சூறாவளியாக இருந்தான், எதிரி ஒரு தூசாக இருந்தான். தூசை ஊதித் தள்ளியவனை யார் மெச்சுவார்கள்? எதிரியின் எந்தப் பிடிக்கு அவன் உள்ளூர நடுங்குகிறான் என்று ஒரு வரி இருந்திருந்தால் நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் தம்பியின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். பக்கக் கணக்குப் பார்த்தே வெற்றி கொடுக்கும் லீக்குகள் ஏராளமாக இருக்கின்றன. அங்கே பழகியவர்களுக்கு நீளம்தான் பலம் என்று தோன்றுவது இயற்கை.

நடத்துகிறவர்களிடமும் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. தன் வீரனுக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்வது பச்சை அநியாயம். நடத்துகிறவரின் வீரன் பட்டத்துக்கு நிற்கவே கூடாது என்பது எங்கள் விதி, அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. நடுவர் தீர்ப்போடு காரணத்தையும் எழுத வேண்டும். போட்டியைக் கதையாக எழுதுகிறவர், தோற்கப்போகிறவன் ஜெயித்துவிடுவானோ என்று படிப்பவர் நம்பும் ஒரு நிமிடத்தையாவது கட்டாயம் வைக்க வேண்டும். தோற்றவருக்கு அடுத்த அட்டவணையில் முதல் இடம் கொடுங்கள். வென்றவர் ஒரு வாரம் பொறுத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, தோற்றவரின் கை சூடாக இருக்கும்போதே எழுத வைத்துவிட வேண்டும்.

இங்கே இன்னொன்று. டெக்சாஸ்காரன், சிகாகோ தாதா என்று கடன் வாங்கிய வேடங்கள் இப்போதும் வந்துகொண்டிருக்கின்றன. வேண்டாம் என்று தடுப்பதில்லை. ஆனால் அந்த வீரர்கள் தோற்றால் எங்கே போய் உட்கார்வார்கள் என்று எழுதுகிறவருக்கே தெரிவதில்லை. பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ ஒரு திண்ணையைக் காட்டினால் நமக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த தொடர் சித்திரையில் தொடங்குகிறது. புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் தங்கள் வீரனின் வெற்றிப் பட்டியலை அனுப்ப வேண்டாம். அவன் ஒரு பெரிய போட்டியில் தோற்ற மறுநாளை மட்டும் எழுதி அனுப்புங்கள். நீளம் உங்கள் விருப்பம், ஒரு பக்கமானாலும் சரிதான். வில்லன் எழுதுகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டு, நல்ல வில்லனுக்கு எப்போதும் பஞ்சம். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதுகிறவர்கள், கெடு நேரம் இந்திய நேரப்படி இரவு 10 மணி என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.