கேர்னலை எந்த இடத்தில் வெட்டுவது?

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் நம்ம பெடியள் சிலர் சேர்ந்து ஒரு சின்னக் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிப்புக்காக இல்லை, சும்மா ஆசைக்கு. திறந்த மூலமாக வெளியிலும் வைத்திருக்கிறார்கள். நிரலில் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரிஸ்க்-வி (RISC-V) வகைச் சிப் உள்ள போர்டில் பூட் ஆகிறது, இப்போதைக்கு அது போதும். எனக்கு உறுத்துவது ரெப்போக்களை, அதாவது நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் கிட் என்ற கருவி சேர்த்து வைக்கிற களஞ்சியங்களை, பிரித்து வைத்திருக்கிற விதம்தான்.

மையப் பகுதிக்கு ஒரு ரெப்போ, வன்பொருளை இயக்குகிற டிரைவர்களுக்கு ஒன்று, கோப்பு முறைமைக்கு ஒன்று, ஹெடர் ஃபைல்களுக்குக்கூடத் தனியாக ஒன்று. எல்லாவற்றையும் மேலே ஒரு தாய் ரெப்போவில் சப்மொடியூலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்: உள் ரெப்போ ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பை எடுப்பது என்று தாய் ரெப்போ சுட்டி வைத்திருக்கும். பார்க்க அலுமாரித் தட்டு மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டு விழுந்திருப்பது பிழையான இடத்தில்.

மெமரி ஒதுக்குகிற ஃபங்ஷனுக்குப் புதிதாக ஒரு ஆர்க்யுமெண்ட் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். எல்லா நிரலும் ஒரே ரெப்போவில் ஒரே மரமாக இருந்தால் அந்த ஃபங்ஷனையும் அதைக் கூப்பிடுகிற எல்லா டிரைவரையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், மாற்றி முடித்துவிடலாம். நாலு ரெப்போ என்றால் நாலு கமிட், நடுவில் எதுவுமே பில்ட் ஆகாத ஒரு இடைவெளி, அப்புறம் சப்மொடியூல் சுட்டிகளை நகர்த்த இன்னொரு கமிட். யாராவது உள் ரெப்போவைச் சேர்வருக்குப் புஷ் பண்ண மறந்து தாய் ரெப்போவை மட்டும் புஷ் பண்ணினால், அடுத்தவர் குளோன் பண்ணி முழுப் பிரதி எடுக்கும்போது அப்படி ஒரு கமிட்டே இல்லையென்று கிட் கையை விரித்துவிடும்.

லினக்ஸ் கேர்னலில் மொத்த நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். அவற்றை வெளியே தள்ளவில்லை. உள் இடைமுகத்தை எப்போதும் மாற்றலாம், மாற்றுகிறவர்தான் அதைப் பாவிக்கிற இடமெல்லாம் திருத்த வேண்டும் என்பது அங்கே எழுதியே வைத்திருக்கிற கொள்கை. ஒரே மரம் இருப்பதால்தான் அது நடைமுறைக்கு வருகிறது.

இன்னொன்று கிட்டில் இருக்கிற பைசெக்ட் வசதி. ஆயிரம் கமிட்டுக்குள் எங்கேயோ ஒரு பிழை நுழைந்திருந்தால், பாதி பாதியாக வெட்டிப் பார்த்துப் பத்துத் தடவைக்குள் அதைப் பிடித்துவிடலாம். கேர்னல் வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. ரெப்போ நாலாக இருந்தால் இதன் எந்தக் கமிட்டோடு அதன் எந்தக் கமிட்டைச் சேர்த்துப் பரிசோதிப்பது? சப்மொடியூல் சுட்டிகளை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒழுங்காக நகர்த்தியிருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். யார் நகர்த்துகிறார்கள், சொல்லுங்கள்.

“லினக்ஸுக்கும் நூற்றுக்கணக்கில் ரெப்போ இருக்கே அண்ணா” என்று அவர்களில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இருக்கிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் முழு மரம். நெட்வொர்க் ஆட்களுடைய ரெப்போவைத் திறந்தால் அதற்குள் முழு லினக்ஸும் இருக்கும், அவர்கள் செய்த மாற்றங்களோடு. அங்கேயும் இரண்டு வைத்திருக்கிறார்கள்: உடனடித் திருத்தங்களுக்கு நெட், அடுத்த வெளியீட்டுக்குப் போகிற புது வேலைகளுக்கு நெட்-நெக்ஸ்ட். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மை மரமான மெயின்லைன் ஒரு ரெப்போ. பழைய வெளியீடுகளுக்குத் திருத்தம் போகிற ஸ்டேபிள் இன்னொன்று, மெயின்லைனில் சேராத திருத்தம் அதற்குள் போகாது என்பது விதி. ஸ்டீபன் ராத்வெல் 2008இல் தொடங்கிய லினக்ஸ்-நெக்ஸ்ட், எல்லோருடைய மரங்களையும் வேலை நாட்களில் ஒன்றாக மெர்ஜ் பண்ணி, யாருடையது யாருடையதோடு முட்டுகிறது என்று முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிறது. அதாவது அங்கே பிரிவு பொறுப்பின்படியும் காலத்தின்படியும் விழுகிறது. எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்பு, அவருடைய மரம் எங்கே என்பதெல்லாம் மெயின்டெய்னர்ஸ் என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் கிடக்கிறது. நம்ம பெடியள் முதலில் எழுத வேண்டியது அந்தக் கோப்பைத்தான். நாலு பேர்தானே என்று விடக்கூடாது, நாலு பேருக்குள்தான் “நீ பார்ப்பாய் என்று நினைச்சன்” அதிகம் நடக்கும்.

வெளியே போக வேண்டியவையும் உண்டு. வன்பொருள் நிறுவனங்கள் தருகிற, வன்பொருளுக்குள்ளேயே ஓடுகிற பைனரி ஃபேர்ம்வேர் லினக்ஸ்-ஃபேர்ம்வேர் என்று தனி ரெப்போவில் இருக்கிறது. 2017இல் வந்த 4.14 பதிப்போடு கேர்னல் மரத்தில் மிச்சமிருந்த ஃபேர்ம்வேர் ஃபோல்டரையும் எடுத்துவிட்டார்கள். சின்னக் கருவிகளுக்கான இயங்குதளமான செஃபிர் திட்டமும் கேர்னலை ஒரே ரெப்போவில் வைத்துக்கொண்டு, சிப் நிறுவனங்களின் நிரலை மட்டும் வெஸ்ட் என்ற கருவியால் வெளியிலிருந்து இழுக்கிறது. அடுத்தவர் எழுதியது, அடுத்தவர் உரிமம், அடுத்தவர் வேகம் என்றால் வெளியே வைக்கலாம். தாங்களே எழுதி ஒரே இரவில் இரண்டு பக்கமும் மாற்றுகிற நிரலை எதற்குப் பிரிக்க வேண்டும்?

“பெரிய ரெப்போ என்றால் நம்ம லைனுக்குத் தாங்காது” என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். மாரி மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் பல ஜிபி குளோன் என்பது விளையாட்டு இல்லை. கிட் குளோன் பாதியில் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். ஆனால் இவர்களுடைய கேர்னல் முழுதாகச் சேர்த்தாலும் சில எம்பிதான், அந்தப் பயம் இங்கே பொருந்தாது. லினக்ஸ் மரம் வேண்டுமென்றால் கேர்னல் தளத்தில் முழு ரெப்போவையும் ஒரே கோப்பாகக் கட்டிய பண்டில் கோப்புகள் இருக்கின்றன. அவற்றை வீகெட் (wget) என்ற இறக்கும் கருவியால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கி, அதிலிருந்து குளோன் பண்ணி, அப்புறம் மிச்சத்தை மட்டும் ஃபெட்ச் பண்ணலாம். அந்த ஒரே குளோனில் நெட்-நெக்ஸ்ட், ஸ்டேபிள் எல்லாவற்றின் முகவரியையும் ரிமோட்டாகச் சேர்த்தால் ஏற்கெனவே இல்லாத ஒப்ஜெக்ட்டுகள் (கிட் சேமிக்கிற தரவுகள்) மட்டும்தான் இறங்கும். இரண்டு பிராஞ்சில் ஒரே நேரம் வேலை செய்ய, அதே குளோனிலிருந்து இன்னொரு வேலை ஃபோல்டர் திறக்கிற வொர்க்ட்ரீ போதும், இரண்டாவது குளோன் தேவையில்லை.

பிரித்ததை ஒன்றாக்குவதும் பெரிய வேலை இல்லை. கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் ஒவ்வொன்றையும் அதனதன் ஃபோல்டருக்குள் தள்ளி, தொடர்பில்லாத வரலாறுகளை மெர்ஜ் பண்ண அனுமதித்துச் சேர்த்தால் பழைய கமிட்டுகள் எல்லாம் கூடவே வரும். ஒவ்வொரு கமிட்டுக்கும் அடையாளமாக இருக்கிற ஹாஷ் எண்கள் மட்டும் மாறிவிடும். அதனால் பழைய ரெப்போக்களை அழிக்காமல் வாசிக்க மட்டும் என்று பூட்டி வைக்க வேண்டும். தம்பிமார் விரும்பினால் இந்தச் சனிக்கிழமை உவர்மலைக்கு வரட்டும், சேர்ந்திருந்து செய்வோம். வரும்போது ஹார்ட் டிஸ்க் ஒன்றும் கொண்டு வாருங்கள், என்னிடம் இருக்கிற லினக்ஸ் மரத்தையும் கொப்பி பண்ணிக்கொண்டு போகலாம்.