நானோவின் பின்டயர் ஏன் அகலம்?

டாடா நானோ காரைப் பற்றி ஒருவர் "நானோவில் இருப்பது பைக் எஞ்சின், பின்டயர் அகலம் வெறும் பந்தாவுக்கு" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

624 சிசி, இரண்டு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் அலுமினிய எஞ்சின் அது. காருக்கென்றே வடிவமைத்தது. இரண்டு சிலிண்டர் என்றால் அதிர்வு இருக்கும். அதை அடக்க உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட்டும் சுழல்கிறது. ஆனாலும் ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஆட்டோ மாதிரி ஒரு தடதடப்பு கேட்கும், மறுக்கவில்லை.

டயர் விஷயம்தான் முக்கியம். 2009-ல் வந்த நானோவில் முன்னால் 135/70 ஆர்12, பின்னால் 155/65 ஆர்12 (முதல் எண்தான் டயரின் அகலம், மில்லிமீட்டரில்). எஞ்சின் பின்சீட்டுக்குப் பின்னே இருப்பதால் எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்களின் மேல்தான். நான்கும் ஒரே அகலமாக இருந்தால், வளைவில் வேகமாகத் திருப்பும்போது பின்பக்கம் வெளியே வழுக்கப் பார்க்கும். பின்டயரை அகலமாக்கினால் முன்பக்கம் முதலில் பிடியை விடும். நாம் நினைத்ததைவிடக் கார் கொஞ்சம் அகலமாகத் திரும்பும், அவ்வளவுதான். சாதாரண ஓட்டுநரும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே சமாளித்துவிடலாம்.

"நாலும் ஒரே சைஸ் போட்டால் ஸ்டெப்னிக்கு வசதி" என்ற யோசனையும் அதே பதிவில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.