மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு எடை தூக்கினால் கை வீங்குமா?

"அக்குளில் நிணநீர்க் கணுக்களை (உடல் திரவத்தை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) எடுத்தவர்கள் அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது, கை வீங்கிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

முன்பு மருத்துவர்களே இப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள், அதனால் நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. 1996இல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்சி, சிகிச்சை முடிந்த 24 பெண்களை டிராகன் படகில் (பலர் சேர்ந்து ஓட்டும் நீளமான படகு) துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. அப்புறம் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை ஓராண்டு கவனித்தது. முடிவு 2009இல் வந்தது. வாரம் இருமுறை எடைப் பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் வீக்கத் தொல்லை முற்றியது. செய்யாதவர்களிலோ 29 சதவீதம்.

காரணம் எளிது. சும்மாவே வைத்திருக்கும் கை பலம் இழக்கும். பிறகு ஒருநாள் அழும் குழந்தையைச் சட்டென்று தூக்கும்போது அந்தக் கை தாங்காது, அதனாலேயே வீக்கம் கூடலாம்.

அதற்காக நாளைக்கே பெரிய டம்பெல்லை எடுக்க வேண்டாம். அறுவைக் காயம் ஆறியபின், மருத்துவரைக் கேட்டு, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மிகக் குறைந்த எடையில் தொடங்குங்கள். வீக்கம் உள்ளவர்கள் பயிற்சியின்போது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் பயிற்சியே வேறு மாதிரி அமைய வேண்டும். அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.